வெதர்பி வம்சத்தின் இலங்கைக் கிளை

மூன்றாவது தடவைதான் எனக்குக் கனடா விசா கிடைத்தது. முதல் தடவை என் தங்கச்சி கூப்பிட்டாள், இல்லை என்றார்கள். இரண்டாவது தடவை தங்கச்சியின் புருஷன் செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போகவேண்டும் என்று எழுதினேன், அதற்கும் இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை, நான் முகமே பார்த்திராத ஒரு வெள்ளைக்கார அம்மா கூப்பிட்டார். உடனே கொடுத்துவிட்டார்கள்.

அந்த அம்மாவின் பெயர் மார்கிரட் வெதர்பி. என் பெயர் ஜெயராஜா வெதர்பி. இதை வைத்துக்கொண்டு யாரும் என்னைப் பற்றி வேறு கற்பனை பண்ணவேண்டாம். நான் பண்டத்தரிப்பில் பிறந்த, நல்ல கறுப்பான, நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறி ஓய்வுபெற்ற ஆள். எங்கள் பூட்டனாரின் தகப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, அமெரிக்காவில் யாரோ ஒரு வெதர்பி அவருடைய சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் உதவி அனுப்பினாராம். உதவி அனுப்புகிறவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து மிஷன் வழக்கம். வேலுப்பிள்ளையாகப் பள்ளிக்கூடத்துக்குள் போன பெடியன் சாமுவேல் வெதர்பியாக வெளியே வந்தான். அவருடைய கூடப்பிறந்த தம்பிக்கு வேறொருவர் உதவினார், ஆகவே தம்பி பான்குரொஃப்ட். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு வெள்ளைக்கார வம்சம். எங்கள் ஊரில் இதை யாரும் ஒரு விசித்திரமாக நினைப்பதில்லை.

கனடாவில் நினைக்கிறார்கள். அங்கே வெதர்பி பெயர்க்காரருக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அந்தப் பெயருள்ளவர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்துப் படத்தில் குறிப்பதுதான் அதன் வேலை. தங்கச்சியின் மகள் நிலானி ஒரு நாள் பொழுது போகாமல் இணையத்தில் அவர்களுடைய படிவத்தில் என் விபரத்தை நிரப்பிவிட்டாள். என் தகப்பனார் பெயர் ராஜசிங்கம். தகப்பன் பெயர் என்ற இடத்தில், என் பிறப்புச் சான்றிதழில் இருந்தபடி, நம் வழக்கப்படி, 'ஆர். வெதர்பி, சிலோன்' என்று முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டாள். ஒரு கிழமையில் மார்கிரட் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு நான் அவசியம் வரவேண்டுமாம். அந்தக் கடிதத்தில் என்னை 'எங்கள் குடும்பத்தின் இலங்கைக் கிளை' என்று எழுதியிருந்தார். ஏதோ மரியாதைக்கு எழுதுகிறார் என்று நினைத்தேன்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கிய அதிகாரி என் பாஸ்போட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பிறகு என்னை நெடுநேரம் பார்த்தார்.

"இந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு?"

"அதைக் கேட்டு அறியத்தான் வந்திருக்கிறேன்" என்றேன்.

அவர் முத்திரையைக் குத்தினார். அந்த நாட்டில் என்னை ஒரே கேள்வியோடு விட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

தங்கச்சி புஷ்பராணியின் வீடு ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற நகரில். வீட்டுக்கு முன்னால் அருமையான வீதி, நடக்கத்தான் ஒருவரும் இல்லை. கார்கள் கராஜின் வாயால் வெளியே வருகின்றன, அதன் வாயால் உள்ளே போகின்றன. பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன். "சீனாக்காரர் போல" என்றாள். பதினாறு வருஷம் அங்கே இருக்கிறாள். பண்டத்தரிப்பில் பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டாலே சொல்லிவிடுவோம்.

வந்த உடனே குழல் புட்டும் மீன் குழம்பும் வைத்தாள். நாங்கள் நேரில் பார்த்து முப்பத்தெட்டு வருஷம். ஏர்போட்டில் இரண்டு பேருக்கும் அழுகை வரவில்லை. புட்டில் கறியை விட்டுக் குழைக்கும்போது எனக்கு வந்துவிட்டது. "உறைப்புக் கூடிப்போச்சோ அண்ணை?" என்று அவள் கேட்டாள். ஓம் என்றேன்.

அப்போது ஹோலில் இருந்த பழைய ரெலிபோன் அடித்தது. அறுபத்து மூன்று வயதுக்காரி, முழங்கால் வருத்தக்காரி, கை கழுவாமல் ஓடினாள். யாரோ வீட்டுக் காற்றுக்குழாய் துப்புரவு செய்து தருகிறோம் என்று கூப்பிட்டவன். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லோரிடமும் கைபேசி இருக்கும்போது உது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது அவள் கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோ நகருக்குள் பார்க்டேலில் இருந்தபோது எடுத்த நம்பர். அதை எங்கள் கடைசித் தம்பி ரத்தினராஜாவுக்கு எழுதி அனுப்பியிருந்தாள். அவளிடம் வருவதற்காகக் கொழும்புக்கு வெளிக்கிட்டவன் கொழும்பு போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு மூன்று வீடு மாறியும் நம்பரை அவள் மாற்றவில்லை. நிலானி ஏதோ ஒரு பெட்டியைப் பொருத்தி அதை மார்க்கத்திலும் அடிக்கப் பண்ணியிருக்கிறாள்.

இரண்டாம் நாள் அதே ரெலிபோனில் மார்கிரட் அம்மா வந்தார். நிலானி படிவத்தில் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். மெல்லிய, நிதானமான குரல். என் பயணத்தைப் பற்றிக் கேட்டார், குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"ரொபர்ட் என் மூத்த அண்ணன். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது கப்பலில் வேலைக்குப் போனான். கடைசிக் கடிதம் திருகோணமலையில் இருந்து வந்தது. இங்கே கடல் நன்றாக இருக்கிறது, கொஞ்சக் காலம் நிற்கப்போகிறேன் என்று எழுதியிருந்தான். பிறகு ஒன்றும் வரவில்லை. உங்கள் படிவத்தில் ஆர். வெதர்பி, சிலோன் என்று பார்த்ததும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்."

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் அப்பா கஷ்டப்படாமல் போனாரா?"

"எண்பத்தொரு வயது வரைக்கும் இருந்தார். நித்திரையில் போனார்" என்றேன்.

மறுபக்கத்தில் அழுகிற சத்தம் கேட்டது. கடவுளுக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி என்றார். சங்கம் வெளியிடுகிற குடும்பப் புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம். ரொபர்ட்டின் பெயருக்குக் கீழே இத்தனை வருஷம் வெறுமையாக விட்டிருந்தாராம். சனிக்கிழமை ஒன்றுகூடலில் எல்லோருக்கும் முன்னால் அங்கே என் பெயரை எழுதப்போகிறாராம். நான் சொன்ன அத்தனையும் உண்மை, ஆனால் ஒரு பெரிய பொய் நடந்து முடிந்திருந்தது. ரெலிபோனை வைத்துவிட்டு நான் தண்ணீர் குடித்தேன்.

"நீங்கள் ஒண்டும் வாய் திறக்காதேங்கோ" என்றாள் புஷ்பராணி. "எண்பத்தாறு வயசு மனுசி. தமையன்ர பிள்ளை கிடைச்சிட்டுது எண்டு சந்தோசமாய் இருக்குது. உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"என்ர நிறத்தைப் பாத்தாவது அந்த மனுசிக்கு யோசனை வரவேண்டாமே?"

"மாமா, அவ லெற்றர் தராட்டி நீங்கள் இஞ்ச வந்தே இருக்கமாட்டியள். ஜஸ்ட் பி நைஸ், ஓகே?" என்றாள் நிலானி. வருத்தம் என்னவென்றால் அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அரசாங்கத்துக்குப் படம் கீறியவன் நான். குளம் இல்லாத இடத்தில் குளத்தைக் கீறினால் ஒரு நாள் யாராவது தண்ணீருக்கு அங்கே போவான். சனிக்கிழமை சபையில் வைத்துச் சொல்வதைவிட இப்போதே நேரில் போய்ச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். மார்கிரட் அம்மா இருப்பது ஸ்ரௌவ்வில்லில், மார்க்கத்துக்கு நேர் வடக்கே. மூன்றாம் நாள் நிலானி வேலைக்குப் போனதும், கடைக்குப் போறன் என்று தங்கச்சிக்குச் சொல்லிவிட்டுத் தரிப்பிடத்தில் நின்று பஸ் ஏறினேன்.

அரை மணித்தியாலம் போனது. புதுக் குடியேற்றங்களும் வெளிகளும் வரும் என்றார்கள், வரவில்லை. கடைகள் கூடிக்கொண்டே போயின. பிறகு தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரத் தொடங்கின, நகைக்கடை, சாறிக்கடை, சட்டத்தரணி. பக்கத்தில் இருந்தவரிடம் ஸ்ரௌவ்வில் எப்போது வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஐயோ, இது ஸ்காபரோ எல்லோ" என்றார் தமிழில். "நீங்க ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிண்டு ஏறின?"

நான் ஊர் வழக்கத்தில் இடதுபக்கமாகப் போகிற வாகனத்தை நினைத்து நின்றிருக்கிறேன். இங்கே எல்லாம் வலதுபக்கம். அறுபத்தேழு வயதில், திசைகளை வைத்தே சோறு தின்ற ஒருவன், வடக்குக்கு என்று தெற்கே போயிருக்கிறேன். இதைத் திணைக்களத்தில் யாருக்கும் சொல்லக்கூடாது.

அவர் களுவாஞ்சிகுடிக்காரர், கணேசமூர்த்தி, ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. என்னை இறக்கி ஒரு கடையில் தேத்தண்ணியும் மட்டன் ரோலும் வாங்கித் தந்தார். பெயரைக் கேட்டார், சொன்னேன்.

"வெதர்பியா? அப்ப நீங்க பறங்கி ஆக்களா?"

"இல்லை, வெள்ளைக்காரக் கலப்பு ஒண்டும் இல்லை, தமிழன்."

"எங்கட மட்டக்களப்புப் பக்கம் பறங்கி ஆக்கள் நல்லாத் தமிழ் கதைப்பாங்க. நீங்களும் நல்லாத்தான் கதைக்கிறீங்க."

விட்டுவிட்டேன். கதையை முழுதாகச் சொல்லி, அவர் என்றால் என்ன செய்வார் என்று கேட்டேன். ரோலைக் கடித்தபடி யோசித்தார்.

"அந்த அம்மாக்கு அண்ணன்ட பிள்ள கிடைச்ச மாதிரி இருக்கு. இருந்திட்டுப் போகட்டுமே. மறுகா அவங்க எத்தின நாளைக்கு இருக்கப் போறாங்க?"

ஒரு நாடு முழுக்க எனக்கு எதிராக நின்றது. அவரே என்னைச் சரியான பக்கத்தில் பஸ் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்தேன். "என்ன வாங்கினனீங்கள்?" என்று தங்கச்சி கேட்டாள். ரோல் என்றேன்.

நான்காம் நாள் என்னைப் பார்க்டேலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் ரெயினில், பிறகு ட்ராமில் போனோம். அவள் முதன்முதலில் இருந்த மாடிக் கட்டடத்தைக் காட்டவேண்டுமாம். பழைய செங்கல் கட்டடம், வாசலில் யாரோ எறிந்த மெத்தை. கீழே தமிழ்க்கடை இருந்த இடத்தில் இப்போது திபெத்துக்காரரின் மோமோக் கடை. கொழுக்கட்டை போல அவித்து, உள்ளே இறைச்சி வைத்துக் கொடுக்கிறார்கள். சம்பலும் நல்ல உறைப்பு. வாங்கிக்கொண்டு எதிரே வீதியோரத்து மர வாங்கில் உட்கார்ந்தோம்.

"எட்டாம் மாடி. உந்த மூலைப் பல்கனி" என்று காட்டினாள். "ஒரு அறைக்குள்ள ஆறு பேர். அதுக்குள்ளயும் ரத்தினம் வருவான் எண்டு ஒரு ஆள் படுக்கிற இடத்தை விட்டிருந்தம். மற்ற ஆக்கள் சண்டை பிடிச்சவை. நான் விடேல்லை."

எங்கள் குடும்பத்தில் ரத்தினம் செத்துவிட்டான் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னது கிடையாது. 'அவன்ர விசயம்' என்றுதான் சொல்லுவோம்.

"நாளைக்கு நான் அந்த மனுசியிட்டச் சொல்லப்போறன்" என்றேன்.

அவள் மோமோவை வைத்துவிட்டாள். "ஏன் அண்ணை உங்களுக்கு இந்தப் பிடிவாதம்?"

"அம்மாட்ட வந்த அந்த ஆளை உனக்கு நினைவிருக்கே?"

அவளுக்கு எப்படி இருக்கும்? அவள் அப்போது இங்கே, நான் எழுதித்தான் அறிந்தவள். தம்பி காணாமல்போய் இரண்டு வருஷத்தில் ஒருவன் சைக்கிளில் வந்து, உங்கட மகனைத் தெற்கில ஒரு இடத்தில உயிரோட கண்டனான், மெலிஞ்சு போனான், ஆனால் சுகமாய் இருக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா அவனுக்குக் கோழி அடித்துச் சமைத்துப் போட்டா. அவன் சொன்ன ஊரில் அப்படி ஒரு இடமே இல்லை என்பதை நான் படத்தை விரித்துப் பார்த்த அன்றே கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அம்மா வாசல் படலையைப் பூட்டவில்லை. ஷெல் அடிக்கிற நேரத்தில் ஊரே வெளிக்கிட்டது, அவன் வந்தால் ஆர் இருக்கினம் என்று அம்மா வரவில்லை. அவவுக்காக நானும் வெளிக்கிடவில்லை.

"அந்தப் பொய்யைச் சொன்னவனில எனக்கு இப்பவும் கோபம்" என்றேன். "அதை விட எனக்கு என்னிலதான் கோபம். தெரிஞ்சும் சொல்லாமல் இருந்தனான்."

"அந்தப் பொய் இருந்தபடியாத்தான் அம்மா காலமை எழும்பி அடுப்பு மூட்டினவ" என்றாள் தங்கச்சி. "உங்களுக்கு உது விளங்காது."

திரும்பி வரும்போது இரண்டு பேரும் கதைக்கவில்லை. ட்ராமில் எனக்கு ஒரு சீனப் பெட்டை எழும்பி இடம் தந்தாள். கிழவனாகிவிட்டேன் என்பதை இப்படியும் அறிவிக்கிறார்கள்.

சனிக்கிழமை. ஸ்ரௌவ்வில்லில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். நிலானி எங்களைக் காரில் கொண்டுபோனாள். உள்ளே நாற்பது வெதர்பிகள். எல்லோர் நெஞ்சிலும் பெயர் ஒட்டியிருந்தது, எல்லோருக்கும் ஒரே பெயர். வாசலில் எனக்கும் ஒன்று தந்தார்கள். தங்கச்சி தன் குடும்பப் பெயராகப் புருஷனின் பெயரைச் சொன்னபோது, பெயர் எழுதுகிற பெண் நாலுதரம் கேட்டு எழுதினாள், என்னுடையதைக் கேட்கவேயில்லை.

முதலில் வழுக்கைத் தலையர் ஒருவர் பிரசங்கம் செய்தார். வெதர்பி என்பது இங்கிலாந்தில் யோர்க்ஷயரில் ஒரு ஊர். அந்த ஊரில் இருந்தவனை யாரும் வெதர்பி என்று கூப்பிடுவதில்லை, அங்கே எல்லோரும் அந்த ஊர்தானே. ஊரைவிட்டு வேறிடம் போனவனைத்தான் அப்படிக் கூப்பிட்டார்களாம். எனக்கு இது புதினமாக இல்லை. காரைநகரார் கொழும்பில்தான் காரைநகரார், காரைநகரில் அவர் வெறும் கந்தையா. வெதர் என்றால் பழைய மொழியில் காயடித்த செம்மறிக்கடா, பி என்றால் குடியிருப்பு என்றும் சொன்னார். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலுப்பிள்ளையிடமிருந்து முருகனுடைய வேலை எடுத்துவிட்டுத் தந்த பெயரின் அர்த்தம் இதுதான். அவளுடைய தோள் குலுங்கியது. நேற்றிலிருந்து கதைக்காத கோபம் அதோடு போனது.

சுவரில் உலகப் படம். யோர்க்ஷயரில் குண்டூசிகள் நெருக்கமாக, ஒன்ராறியோவில் ஒரு கூட்டம், நியூசிலாந்தில் ஐதாக. இலங்கையில் ஒன்றே ஒன்று. அதையும் மன்னார்க் கடலுக்குள் குத்தியிருந்தார்கள். கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

மார்கிரட் அம்மா என்னிடம் வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த மனுசி, நீலக் கம்பளிச் சட்டை. என் இரண்டு கையையும் பிடித்தார். பிறகு கையை உயர்த்தி என் காதைத் தொட்டார்.

"ரொபர்ட்டின் காது" என்றார்.

நான் அவரைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் ஓரம் வெட்டிய பாணுக்குள் முட்டை வைத்து அடுக்கியிருந்தார்கள். தங்கச்சியும் பின்னால் வந்தாள், நான் சொல்லாமல் விடுவேன் என்ற நம்பிக்கையில்.

ஊரிலிருந்தே பாடமாக்கி வந்தது போலச் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடம், அமெரிக்க உதவி, வேலுப்பிள்ளை. ஆர். என்பது ராஜசிங்கம். என் அப்பா பண்டத்தரிப்பைவிட்டுத் திருகோணமலைக்கு ஒருநாள் கூடப் போனதில்லை. இரத்தத்தில் நான் உங்களுக்கு ஒன்றும் இல்லை. ரெலிபோனிலேயே சொல்லியிருக்கவேண்டும், உங்கள் அழுகையைக் கேட்டதும் வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"ஆனால் அந்தக் காது..." என்றார்.

"அது என் அம்மாவின் காது."

தலையை ஆட்டினார். பையிலிருந்து அந்தப் புத்தகத்தின் அச்சுக்குப் போகிற பிரதியை எடுத்தார். ரொபர்ட் என்ற பெயருக்குக் கீழே இருந்த வெறுமையான இடத்தை விரலால் தடவினார். பிறகு பேனையை எடுத்து 'பிள்ளைகள் இல்லை' என்று எழுதினார். நான் செய்தது சரி என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஓடிப்போய் பஸ் ஏறவேண்டும் போல இருந்தது, எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் புத்தகத்தின் கடைசியில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தார்.

"நாலு தலைமுறைக்கு மேலாக வைத்திருக்கிறீர்கள். யார் தந்திருந்தாலும் பெயர் உங்களுடையதுதான். உங்கள் குடும்பத்தைத் தனியாக எழுதப்போகிறேன். சொல்லுங்கள்."

நான் சொன்னேன், அவர் எழுதினார். வேலுப்பிள்ளை. சாமுவேலானவரும் அவரே. பூட்டன். பாட்டன். அப்பா, இம்முறை முழுப்பெயராக. அம்மா. பிறகு பிள்ளைகள். ஜெயராஜா. புஷ்பராணி. ரத்தினராஜா. ஒவ்வொருவரும் பிறந்த வருஷம் கேட்டார். பிறகு பேனையை மூன்றாவது பெயருக்கு நேரே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இந்தத் தம்பி இருக்கிறாரா?"

வாயைத் திறந்தேன். கால் மணித்தியாலத்துக்கு முன் ஒரு கிழவிக்கு உண்மை சொன்ன வாய். காற்றுத்தான் வந்தது. மண்டபத்தில் யாரோ கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படுத்தவில்லை, பேனையை எடுக்கவும் இல்லை.

தங்கச்சிக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் வரும். அவள் என் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்தபடி, தமிழில் சொன்னாள்:

"செத்திட்டான் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

மார்கிரட் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.